கல்லும் செபமும்: பினாங்கு – பட்டர்வொர்த் வட்டாரத்தில் மறைந்தோரை நினைவுகூரும் கிறித்தவ மரபு

முன்னுரை

ஒரு வட்டாரம் தன் மறைந்த பெருமக்களை எவ்வாறு நினைவில் வைத்துள்ளது என்பது, அவ்வட்டாரம் யாரைப் பெருமக்களாகக் கருதியது என்பதையும் சேர்த்தே காட்டும். பினாங்குத் தீவும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையும் இவ்வகை ஆய்வுக்கு வளமான களங்கள் ஆகும். பட்டர்வொர்த் என்னும் ஊர்ப்பெயரே ஒரு நினைவுக்கல் எனலாம். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கிறது. 1800-இல் கெடாவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற அக்கரைக்கு வெல்லஸ்லி மாகாணம் எனப் பெயரிட்டதும் அன்றைய இந்தியத் தலைமை ஆளுநரின் நினைவாகவே. ஆயினும் இன்று அவ்வூரில் அந்த ஆளுநருக்காக மெழுகுவத்தி ஏற்றுவோரைக் காண்பதரிது. மாறாக, ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் இவ்வட்டாரக் கத்தோலிக்கக் கோவில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும், எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத தமிழர் பலருடைய பெயர்கள் செபத்தில் சொல்லப்படுகின்றன.

இவ்விரு நினைவு முறைகளுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். கல், அதனை நட வல்லவரின் நினைவைக் காக்கிறது. செபம், பெயரைச் சொல்ல ஒருவரையேனும் விட்டுச் சென்றவரின் நினைவைக் காக்கிறது. இவ்விரண்டுக்கும் புறத்தே நின்றுவிட்டோர் இவ்வட்டாரத் தமிழருள் மிகப் பலர். அவர்களை நினைவுகூர்வதில் வழிபாட்டு மரபு எதைச் செய்துள்ளது, வரலாற்றுத் துறை எதைச் செய்ய வேண்டியுள்ளது என்பதே நம் வினா.

நடுகல்லும் தென்புலத்தாரும்

மறைந்தோரைக் கல்லால் நினைவுகூரும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் நடும் நிகழ்வின் படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையுள் வகுத்துரைக்கிறது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள், இம்மரபின் தொன்மைக்குத் தொல்லியற் சான்றும் தந்தன. நடுகல்லுக்கு உரியவன் பெரும்பாலும் போரில் பட்ட வீரன். அவனுடைய பெயரும் செயலும் கல்லில் பொறிக்கப்பட்டன.

இதற்கு இணையாக வேறொரு மரபும் தமிழில் உண்டு. இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவகையினருள் தென்புலத்தாரைத் திருவள்ளுவர் முதலில் வைக்கிறார். தென்புலத்தார் என்போர் வீரர் மட்டுமல்லர். ஒவ்வோர் இல்லத்தின் மறைந்த முன்னோரும் ஆவர். அவர்களை நினைத்தல் ஊரின் கடமை என்பதைவிடக் குடியின் கடமையாகும். முன்னது பொதுவெளியில் நிற்கும் கல். பின்னது இல்லத்தில் ஆண்டுதோறும் நிகழும் சடங்கு. கிறித்தவம் தமிழரிடையே வேரூன்றியபோது, இவ்விரு மரபுகளும் முன்பே பண்படுத்தி வைத்த நிலத்தில்தான் அது வந்து விழுந்தது. நினைவுக்கல்லும் ஆண்டு நினைவும் தமிழ்க் கிறித்தவர்க்கு எளிதில் இயைந்தமைக்கு இது ஒரு காரணம் எனக் கருதலாம்.

நார்தாம் சாலை: கல் சொல்லும் வரலாறு

இன்று ஜாலான் சுல்தான் அகமது ஷா என வழங்கும் சாலை, முன்னர் நார்தாம் சாலை எனப்பட்டது. அங்குள்ள பழைய புரொட்டஸ்டண்டுக் கல்லறைத் தோட்டத்தில், 1786-இல் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவி 1794 அக்டோபர் 21-இல் மறைந்த பிரான்சிஸ் லைட் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கிய மதகுரு இராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ், இந்தியத் தீவுக்கூட்டம் பற்றிய ஆய்விதழை 1847-இல் தொடங்கியவரும் 'இந்தோனேசியா' என்னும் பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தவருமான ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் ஆகியோரும் அங்கேயே உள்ளனர். சயாம் அரண்மனையில் ஆசிரியப் பணி ஆற்றிய அன்னாவின் கணவர் தாமஸ் லியோனோவென்ஸும் 1859-இல் அங்குப் புதைக்கப்பட்டார். ஆளுநர், மதகுரு, அறிஞர், வணிகர் என ஒரு குடியேற்றத்தின் மேல்தட்டு முழுவதையும் அத்தோட்டத்தின் கற்களில் படிக்க இயலும்.

இக்கற்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன? இதற்குச் செல்வமும் பதவியும் மட்டுமே காரணம் அல்ல. இறையியற் காரணமும் ஒன்றுண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூலில் இறந்தோர்க்கான வேண்டுதல் இருந்தது. 1552-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. பினாங்கில் பயன்பட்ட 1662-ஆம் ஆண்டு நூலோ, விசுவாசத்தில் மறைந்தவர்களுக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறது. அவர்கள் பொருட்டு எதையும் இறைஞ்சுவதில்லை. இறந்தவரின் நிலை இறைவனால் முடிவு செய்யப்பட்டுவிட்டது, வாழ்வோரின் செபம் அதை மாற்றாது என்பது சீர்திருத்தச் சபையின் நிலைப்பாடு. எனவே வாழ்வோர் செய்யத்தக்கவை இரண்டே: நன்றி கூறுதல், நற்பண்புகளை எடுத்துரைத்தல். கல்லறை வாசகங்கள் மறைந்தவரின் குணநலன்களை விரித்துரைப்பது இதனாலேயே. செபத்தில் சொல்ல இடமில்லாததைக் கல் ஏற்றுக்கொண்டது எனலாம். முதல் உலகப் போரின் பேரிழப்புக்குப் பின்னரே ஆங்கிலிக்கன் சபையில் இறந்தோர்க்கான வேண்டுதல் பரவலாக மீண்டும் இடம்பெற்றது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஜார்ஜ்டவுன் புனித ஜார்ஜ் ஆலயமும் இத்தகைய கல் நினைவேயாகும். 1818-இல் கட்டி முடிக்கப்பட்டு 1819-இல் கல்கத்தா ஆயர் மிடில்டனால் அர்ச்சிக்கப்பட்ட அவ்வாலயத்தின் முற்றத்தில், குடியேற்றத்தின் நூற்றாண்டையொட்டி 1886-இல் லைட்டுக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது. அவ்வாலயத்தைக் கட்டியெழுப்பியது கைதிகளின் உழைப்பு. அக்காலப் பினாங்கில் கைதிகள் என்போர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்டவர்கள். மண்டபம் லைட்டின் பெயரைச் சொல்கிறது. சுவர்கள் கட்டியவர் எவர் பெயரையும் சொல்வதில்லை. நம் ஆய்வின் மையச் சிக்கல் இந்த ஒரு முற்றத்திலேயே தெளிவாகத் தென்படுகிறது.

நவம்பர் 2: பெயர் சொல்லும் வரலாறு

நார்தாம் சாலைப் புரொட்டஸ்டண்டுத் தோட்டத்தை அடுத்தே பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமும் அமைந்துள்ளது. ஒரே மண்ணில் அடுத்தடுத்துக் கிடக்கும் இவ்விரு தோட்டங்களும் இரு வேறு நினைவுக் கொள்கைகளுக்கு உரியவை. 1786-இல் ஆயர் கார்னோவின் தலைமையில் கெடாவிலிருந்து வந்த யுரேசியக் கத்தோலிக்கரே இத்தீவின் முதல் கத்தோலிக்கச் சமூகத்தினர். பின்னர்ச் சீனரும் தமிழரும் அதில் இணைந்தனர்.

கத்தோலிக்க மரபில் இறந்தோர்க்கும் வாழ்வோர்க்கும் இடையிலான உறவு அறுபடுவதில்லை. இறந்தவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும் காலத்தில், வாழ்வோரின் செபமும் திருப்பலியும் அவருக்குத் துணை நிற்கும் என்பது 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய கொள்கை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளுனி மடத்தின் தலைவர் ஓதிலோ, தம் ஆளுகைக்குட்பட்ட மடங்களில் நவம்பர் 2-ஆம் நாளை இறந்த அனைவருக்கும் உரிய மன்றாட்டு நாளாக ஏற்படுத்தினார். அது காலப்போக்கில் மேலைத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாயிற்று. முதல் உலகப் போர் நடைபெற்ற 1915-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்ற இசைவளித்தார்.

இந்நாளைத் தமிழர் 'கல்லறைத் திருநாள்' என்பர். இறப்பைப் பற்றிய ஒரு நாளைத் திருநாள் எனச் சொல்லும் இவ்வழக்கு எண்ணத்தக்கது. கல்லறைகளைத் துப்புரவு செய்தல், மலர் இடுதல், மெழுகுவத்தி ஏற்றுதல், குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தல், திருப்பலியில் நினைக்க வேண்டியோரின் பெயர்களைக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தல் ஆகியன இந்நாளின் கூறுகள். பெயர் எழுதிக் கொடுக்கும் வழக்கமே நம் கவனத்திற்குரியது. நிலையான கல் எழுப்ப வசதியற்ற குடும்பமும் ஒரு துண்டுத்தாளில் ஐந்தாறு பெயர்களை எழுத இயலும். பாட்டன், பாட்டி, இளமையில் மாண்ட குழந்தை, தோட்டத்தில் விபத்தில் இறந்த சிறிய தந்தை என அப்பட்டியல் மூன்று தலைமுறைகளைத் தாங்கி நிற்கும். ஜார்ஜ்டவுனில் தமிழர் கோவிலாக வளர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயமும், பட்டர்வொர்த்தில் மரியன்னையின் பிறப்புப் பெருவிழாவைப் பெயராகக் கொண்ட ஆலயமும் இம்மரபைப் பேணும் தலங்களாகும்.

லூத்தரன், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபையினர் இறந்தோர்க்காக மன்றாடுவதைக் காட்டிலும் அவர்களுக்காக நன்றி கூறும் நினைவு ஆராதனையையே முதன்மையாகக் கொள்வர். கத்தோலிக்கர் செபம் எனவும் புரொட்டஸ்டண்டார் ஜெபம் எனவும் எழுதும் ஒரே சொல்லுக்குள், மறைந்தோரைப் பற்றிய இவ்விரு பார்வைகளும் அடங்கியுள்ளன.

புனிதரும் மறைந்தோரும்

நவம்பர் 2-க்கு முந்திய நாள் புனிதர் அனைவரின் பெருவிழா. இவ்விரு நாள்களுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. புனிதர்க்காக எவரும் மன்றாடுவதில்லை. அவர் வழியாகவே மன்றாடுவர். மறைந்த ஏனையோர்க்காகவோ வாழ்வோர் மன்றாடுவர். இவ்வட்டாரத்தில் அதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள் உண்டு. 1808 முதல் பினாங்கில் இயங்கிவரும் பொதுக் குருமடத்தில் ஆசிரியர்களாகப் பணியாற்றிய லோரன் இம்பெர், ழாக் சஸ்தான் ஆகிய பிரெஞ்சுக் குருக்கள் 1839-இல் கொரியாவில் கொல்லப்பட்டனர். 1984-இல் அவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். அத்துடன் வழிபாட்டில் அவர்களது இடம் மாறிவிட்டது. முன்னர் மறைந்தோர் வரிசையில் நினைக்கப்பட்டவர்கள், பின்னர் வேண்டுதல் பெறுவோராயினர்.

நம் காலத்துப் பெருமக்களும் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கே உரியவர்கள். கெடா சுங்கை பட்டாணியில் 1932-இல் பிறந்து, 1983 வரை பினாங்கு மறைமாவட்ட ஆயராகவும் பின்னர்க் கோலாலம்பூர்ப் பேராயராகவும் பணியாற்றி, 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலாக உயர்ந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ், 2020 அக்டோபர் 28-இல் மறைந்தார். கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள்களே இருந்தன. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு அந்நாளுக்குரிய பேறுபலன்களை நவம்பர் முழுவதற்கும் உரோமை விரிவுபடுத்தியிருந்தது. கர்தினாலின் பெயரும், அவ்வாண்டு உறவினர் கூடாமலேயே அடக்கம் செய்யப்பட்ட எளியோரின் பெயரும் ஒரே மாதத்தின் ஒரே மன்றாட்டுக்குள் வந்தன. பதவியால் வேறுபட்டோரை இவ்வாறு ஒரே வரிசையில் நிறுத்துவது செபத்தின் இயல்பு. கல்லுக்கு இவ்வியல்பு இல்லை.

தமிழாய்வுத் துறையினர்க்கு இவ்வரிசையில் நெருக்கமான பெயர் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் 1913-இல் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக விளங்கிய தனிநாயகம் அடிகளார் 1980 செப்டம்பர் 1-இல் மறைந்தார். 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக அவரைத் தமிழுலகம் போற்றுகிறது. 1679-இல் அச்சேறிய புரோவென்சாவின் தமிழ் – போர்த்துக்கேய அகராதியை அதே 1966-இல் அவர் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தமை அத்துணை பேசப்படுவதில்லை. மறைந்துபோன ஓர் உழைப்பாளரின் பெயரை மீட்டு நூலில் நிறுத்துவதும் ஒருவகை நினைவுச் செயலே. குருவாக அவர் பலிபீடத்தில் செய்ததை ஆய்வாளராக நூலகத்திலும் செய்தார்.

சொற்களின் வரலாறு

நினைவு மரபின் மாற்றங்களை அதன் சொற்களிலும் காணலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு (1962–1965) முன்னர் இறந்தோர்க்கான பூசை இலத்தீனில் நிகழ்ந்தது. தமிழில் இருந்தவை பக்தி நூல்களின் மன்றாட்டுகளும் ஒப்பாரிச் சாயல் கொண்ட பாடல்களுமே. அச்சங்கத்திற்குப் பின் வழிபாடே தமிழாயிற்று. பூசை திருப்பலியாகவும், மரித்தோர் இறந்தோராகவும், ஆத்துமா ஆன்மாவாகவும் மாறினர். ஆயினும் 'நித்திய இளைப்பாற்றி' என்னும் பழந்தொடரை முதியோர் இன்றும் விடுவதில்லை. உழைத்துக் களைத்தவன் இளைப்பாறுதல் என்னும் பொருள் அதில் இருப்பது, தோட்டத் தொழிலாளர் சமூகத்தில் அத்தொடர் நிலைத்தமைக்குத் துணை செய்திருக்கக்கூடும்.

முன்னோர் வழிபாட்டோடு திருச்சபை கொண்ட உறவும் நேர்கோட்டில் அமைந்ததன்று. சீனச் சடங்குகளுக்கு 1742-இலும் மலபார்ச் சடங்குகளுக்கு 1744-இலும் உரோமை இறுதித் தடை விதித்தது. சீனர் தம் முன்னோர்க்கு மரியாதை செலுத்துவதை 1939-இல் அதுவே அனுமதித்தது. இன்று பினாங்கின் சீனக் கத்தோலிக்கர் செங் மெங் காலத்திலும் கல்லறைகளை நாடுகின்றனர். தமிழர் நவம்பரில் ஏற்றும் மெழுகுவத்தியையும் சீனர் ஏப்ரலில் செய்யும் கல்லறைத் துப்புரவையும் அருகருகே வைத்துக் காணும் ஒப்பாய்வுக்கு இவ்வட்டாரமே தக்க களமாகும்.

பெயரற்றோர்

வெல்லஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழருள் மிகப் பலர் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் மாண்டனர். 1910-இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. தோட்டத்து ஓரத்தில் புதைக்கப்பட்ட அவர்களுக்குக் கல் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். எனவே கிறித்தவச் செபத்தின் பெயர்ப்பட்டியலிலும் அவர்கள் இல்லை.

இரண்டாம் உலகப் போர் இவ்விடைவெளியை மேலும் பெரிதாக்கியது. 1942 – 1943-இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம் – பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். கோலாலம்பூரிலிருந்து சயாம் எல்லை நோக்கிச் செல்லும் ரயில் பாதை, பட்டர்வொர்த்தை அடுத்த புக்கிட் மெர்தாஜாம் வழியாகவே வடக்கே செல்கிறது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல் உண்டு. அடையாளம் தெரியாத போர்வீரனுக்கும், அவனை இறைவன் அறிவான் என்னும் கருத்தமைந்த வாசகம் பொறித்த கல்லைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் நடுகிறது. அவ்வாசகத்தைத் தேர்ந்தவர் போரில் தம் மகனை இழந்த எழுத்தாளர் கிப்ளிங். அதே பாதையில் மாண்ட தமிழர்க்கு இத்தகைய தனிக்கல் இல்லை. இறந்த வெள்ளையருக்குப் பட்டியலும் கல்லும் மன்றாட்டும் கிடைத்தன. இறந்த தமிழரின் எண்ணிக்கையே இன்றுவரை மதிப்பீடாக உள்ளது.

இவ்விடத்தில் கிறித்தவ மன்றாட்டின் ஓர் இயல்பு நமக்குப் பயன்படும். பெயர்ப்பட்டியல் படித்து முடிந்ததும், நினைப்பார் இல்லாதவர்க்காகவும் வேண்டிக்கொள்ளும் வழக்கம் கத்தோலிக்கரிடையே உண்டு. பட்டியலின் போதாமையை வழிபாடு தானே உணர்ந்து ஒரு வரி சேர்த்துக்கொள்கிறது. இது பெருந்தன்மையான செயல். ஆனால் வரலாற்றாசிரியர்க்கு அவ்வொரு வரி போதாது. இறைவன் பெயரை அறிவான் என்பது நம்பிக்கையாளர்க்கு ஆறுதல். அப்பெயரைத் தேடிக் கண்டறிதல் ஆய்வாளரின் கடமை. மேலும், இந்துக்களாக மாண்டோரைக் கிறித்தவச் செபத்துக்குள் அடக்கி அமைதி காண்பது அவர்களுக்கு நேர்மை செய்ததாகாது. அவர்கள் தம் முறைப்படி தென்புலத்தாராக நினைக்கப்பட வேண்டியவர்கள்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பினாங்கு – பட்டர்வொர்த் வட்டாரத்தின் கல்லறைக் கற்கள் குடியேற்ற அதிகாரத்தின் பதிவுகள். அவற்றின் சொல்வளத்துக்கு இறையியலும் காரணமாகும். இரண்டாவதாக, கல்லறைத் திருநாளின் பெயர் வாசிப்பு கல் எழுப்ப இயலாத தமிழ்க் குடும்பங்களின் தலைமுறை நினைவைக் காத்து வந்துள்ளது. ஆலயங்களின் ஞானமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளோடு சேர்த்து அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் தகும். மூன்றாவதாக, பெயரற்றோரை உள்ளடக்கும் மன்றாட்டின் பரந்த நோக்கு போற்றத்தக்கதாயினும், அது ஆவணப் பணிக்கு மாற்றாகாது.

இப்பணிக்குக் காலம் அதிகம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறும்போது, முதலில் மறைவன ஓரத்து இடுகாடுகளே. மரச் சிலுவை பத்தாண்டு தாங்காது. சுண்ணாம்பில் எழுதிய பெயர் ஒரு மழைக்காலத்தில் கரையும். செபராங் பிறையின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் நம் துறை மாணவர்களும் தத்தம் ஊரின் இடுகாட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் உள்ள தமிழ் எழுத்துடைய ஒவ்வொரு கல்லையும் படியெடுத்து, இடம், பெயர், பிறந்த ஊர், இறந்த நாள் என வரிசைப்படுத்துவாராயின், ஐந்தாண்டில் ஒரு மாநிலத்தின் மறைந்தோர் அடைவு உருவாகும். இந்து, கிறித்தவர் எனப் பிரிக்காமல் அது அமைய வேண்டும். ஆளுநர் பட்டர்வொர்த்தின் பெயரை ஓர் ஊரே சுமந்து நிற்கிறது. அவ்வூரைச் சுற்றிய தோட்டங்களில் உழைத்து மாண்டோரின் பெயர்களைச் சுமக்க ஒரு நூலேனும் வேண்டும்.